துடைக்காமல் விட்ட இடம்

இப்போதெல்லாம் ஒரு மனுஷனும் தரையைப் பார்ப்பதில்லை. கழுத்து வளைகிறது, ஆனால் கைப்பேசி வரைக்கும்தான். அதற்குக் கீழே ஒரு மண் கிடக்கிறது, நேற்று எவன் வந்தான், எவன் போனான் என்று அதில் எழுதியிருக்கிறது என்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. ஆடு காணாமல் போனால் பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார். பூட்டு உடைந்தால் மருமகன் மேல் புகார். ஆளை முதலில் பிடித்துவிடுகிறார்கள். குற்றம் என்னவென்று சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாமாம்.

என் பெயர் ஜுமாகெல்தி. நாலாம் வகுப்போடு நின்றவன். நாற்பத்தைந்து வருஷம் திருட்டுப் போன குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் பின்னால் தடம் பிடித்து நடந்து வயிறு கழுவியவன். எழுபத்தொன்று ஆகிறது. கிசில்கும் பாலைவன மணலில் இன்னும் என் கண்ணுக்குத் தப்பி எலிகூடப் போக முடியாது. ஆனால் கூப்பிடுகிறவன் குறைந்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டது பால்ஜான் என்கிற ஒட்டகக்காரியின் அழுகை. அது போனில் வந்தது. என்னை அங்கே சுமந்து போனது ரிஸ்தி. ரிஸ்தி ஐம்பது வயசு விதவை. கால்நடை டாக்டரிடம் இருபது வருஷம் ஊசி பிடித்தவள். இப்போது எனக்கு வண்டி ஓட்டுகிறாள். ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும் பழைய ரஷ்ய வேன். அதில் பிரேக் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், அவள் வாய்க்கு இல்லாததுதான் கஷ்டம்.

"அண்ணே, இந்தத் தடவை ஆடா, குதிரையா?"

"முளை."

"முளைக்குக் கால் கிடையாதே. தடம் எங்கேருந்து வரும்?"

"பிடுங்கிட்டுப் போனவனுக்குக் கால் இருக்கும்ல."

"அவனும் இப்பல்லாம் கார்லதாண்ணே போறான்."

விஷயம் இதுதான். அஷ்ஷிகுதுக் ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. இருக்கிற கிணற்றுத் தண்ணீரை ஒட்டகமே முகம் சுளித்துக் குடிக்கும். லாரியில் வருவதைப் பீப்பாயில் பிடித்து வைத்துத்தான் இருநூறு குடும்பமும் டீ போடுகிறது. அதற்காக ஆற்றிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மண்ணுக்கடியில் குழாய் பதிக்கிறார்கள். வழியில் சக்சவுல் காடு. மணலைப் பிடித்து நிறுத்துகிற மரம் அது ஒன்றுதான். என் தொடை அளவுக்குப் பருக்க அதற்கு ஒரு மனுஷ ஆயுசு வேண்டும். காட்டைத் தொடக் கூடாது, குழாய் சுற்றி வளைந்து போகவேண்டும், மேல்மண்ணைத் தனியாகக் குவித்து மறுபடி மேலேயே போட்டு மூடவேண்டும், பள்ளத்தில் விழுகிற ஆமைகளைத் தினமும் காலையில் பொறுக்கி வெளியே விடவேண்டும் என்று காப்புக்காட்டு ஆட்களும் குழாய்க் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வழி காட்ட ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, தலையில் சிவப்புப் பூசிய மரமுளைகள்.

செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் முளைகள் வளைந்து போகவில்லை. காட்டுக்குள்ளேயே நேராக நட்டிருந்தன. தோண்டும் யந்திரமும் நேராகப் போய் மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டது.

முளையை மாற்றியவன் பால்ஜானின் புருஷன் அபில்காஸ்தான் என்று அன்று மத்தியானமே முடிவு கட்டிவிட்டார்கள். பழைய வளைவு அவன் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே போகிறது. "என் நிலத்தை ஏன்யா கிழிக்கிறீங்க, காட்டைக் கிழிங்க" என்று அவன் ஊர்க் கூட்டத்தில் கத்தியிருக்கிறான். அது போதுமாம்.

இன்று தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வருகிறது. சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும். அபில்காஸ்தான் என்று எழுதினால் அவனுடைய நிலக் குத்தகை ரத்து. முப்பது வருஷத்து இடம், எழுபது ஒட்டகம், எல்லாம் நடுத்தெருவில். ஆள் யாரென்று தெரியவில்லை என்று எழுதினால் பழி கம்பெனி மேல் விழும், குழாய் வேலை நிற்கும். ஆக, ஊருக்கே ஒரு குற்றவாளி அவசரமாகத் தேவைப்பட்டான். தண்ணீர் என்றதும் முப்பது வருஷம் அவன் வீட்டில் ஒட்டகப்பால் குடித்தவர்களுக்கெல்லாம் அவன் முகம் மறந்துவிட்டது.



அபில்காஸ் தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டகக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயசுக்காரன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பிவிட்டான்.

"உன் வேலையா இது?"

"நான்தான்னு எழுதிக்கட்டும்."

"எழுதுறதைக் கேக்கல. செஞ்சியான்னு கேக்குறேன்."

"உங்களை யாரு வரச் சொன்னது, பெரியவரே? டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

செய்தவன் மறுப்பான், செய்யாதவன் குதிப்பான். இவன் இரண்டும் இல்லாமல் கயிறு முறுக்குகிறான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

உள்ளே பால்ஜான் டீ ஊற்றினாள். ரிஸ்தி தட்டிலிருந்த பவுர்சாக்கை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை, மூன்றாவது முறையாக எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா பொண்ணு?"

"எங்க மூத்தவ. போன வருஷம் கட்டிக் குடுத்தோம். இப்ப அஞ்சு மாசம்." பால்ஜான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டேங்குறாருங்க. நீங்களாச்சும் பாருங்க. இந்த இடம் போச்சுன்னா எங்க போவோம்?"

பள்ளத்துக்குப் போனோம். ஆள் ஆழத்துக்குத் தோண்டி, ஓரத்தில் இரண்டு மண்குவியல், பக்கத்தில் நீலக் குழாய்கள். அதுவரைக்கும் ஒப்பந்தப்படிதான். அதற்கப்புறம் சக்சவுல் மரங்கள் வேரோடு புரண்டு கிடந்தன. சவத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. யந்திரம் ஓட்டுகிறவன் அதன் நிழலில் படுத்துச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். வடக்கேயிருந்து வந்தவன்.

"மரம் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?" என்றேன்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"முளையைப் பார்த்து ஓட்டுன்னாங்க. மரத்தைப் பார்த்து ஓட்டுன்னு யாரும் சொல்லல."

"எதிர்ல உங்கம்மா நின்னிருந்தா?" என்று கேட்டாள் ரிஸ்தி.

"முளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

காறித் துப்பிவிட்டு நகர்ந்தேன்.

கம்பெனி இன்ஜினீயர் சாகென் வந்தான். அவனும் ஆட்களும் வடக்கத்திக்காரர்கள்தான். மூக்குத் தோல் உரிந்து, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள். நஷ்டக் காகிதத்தைக் காட்டினான். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் ஏறும், எண் ஏறும். நூற்று நாற்பது மரம் என்று போட்டிருந்தது.

பள்ளத்தோரம் நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பதினொன்று.

"மீதி எங்க தம்பி?"

"காட்டதிகாரி தோஸ்முகான் எண்ணிச் சொன்ன கணக்குங்க. உள்ளயும் விழுந்திருக்காம்."

"உன் யந்திரம் பள்ளத்தை விட்டு உள்ள போச்சா?"

"போன மாதிரி தெரியல. ஆனா அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். யார் செஞ்சதுன்னுதான் தெரிஞ்சிருச்சே. எண்ணிக்கைக்காக எதுக்குச் சண்டை?"

பழி இன்னொருவன் தலையில் இருந்தால் நூற்று நாற்பது என்ன, ஆயிரத்து நானூறுக்கும் இவன் தலையாட்டுவான்.

தோஸ்முகானே ஜீப்பில் வந்து இறங்கினான். பச்சைச் சீருடை, அறுபது வயசு, சிரித்த முகம், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு மரியாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

"வாங்க, பெரியவரே. உங்க கண்ணுக்கு மிஞ்சி என்ன இருக்கு? நீங்களே பாருங்க." ஒரு முளையைச் சுற்றிக் கையைக் காட்டினான். "ஒட்டகத் தடம். இங்க ஒட்டகம் யாருகிட்ட இருக்கு? சொல்லவே நாக்கு கூசுது."

குனிந்தேன். ஒட்டகத் தடம்தான். இரண்டு அடி, நிற்றல், திரும்பல், ஒரு செடியைக் கடித்தல், மறுபடி இரண்டு அடி.

"மேயுற ஒட்டகம். கயித்துல போற ஒட்டகம் நேராப் போகும். இது முளையைத் தூக்கிட்டு வரல. முளை நட்டப்புறம் முதுகு சொறிய வந்திருக்கு."

"அப்படியுமிருக்கலாம்" என்று சிரித்தான். "குழுவுக்கு விருந்து ஏற்பாடு இருக்கு. நீங்களும் வந்துடணும்." ஜீப் போய்விட்டது.

"அண்ணே, இந்த மூஞ்சியை இன்னிக்கே இன்னொரு தடவை பார்த்திருக்கேன்" என்றாள் ரிஸ்தி.

"எங்க?"

"அதான் வரமாட்டேங்குது. பவுர்சாக் வாசனையோட வருது."

மண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். திங்கள் ராத்திரி லேசான தூறல். அதற்கப்புறம் இந்த நாலு நாளும் காற்றே கிடையாது. செவ்வாய்க்கிழமை விடியலில் எவன் நடந்திருந்தாலும் ஈரமணலில் முத்திரை குத்தின மாதிரி இருக்கவேண்டும். ஆனால் முளை வரிசை நெடுகக் கோடு கோடாகக் கீறல்தான் இருந்தது. ஒரு செடிக்கொத்தைக் கட்டி வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். தன் தடத்தைத் தானே துடைக்கிற வேலை.

"வாசல் கூட்டியிருக்கான்" என்றாள் ரிஸ்தி. "எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தவரைக்கும் இதைச் செஞ்சதில்லை."

ஒன்றரைக் கிலோமீட்டர் அந்தக் கீறலோடு நடந்தோம். காட்டின் விளிம்பில் ஒற்றைக் கபர் ஒன்று உண்டு. யாரைப் புதைத்தது என்று யாருக்கும் தெரியாது. நாலு கல், ஒரு கம்பு, அதில் சாயம் போன துணி. அங்கே போனதும் கீறல் நின்றது. இருபது அடி தள்ளி மறுபடி ஆரம்பித்தது.

நான் நின்றேன்.

"என்னண்ணே?"

"கொத்தைத் தூக்கி வண்டியில வெச்சிருக்கான். தாண்டினப்புறம் இறக்கிக் கட்டியிருக்கான்."

"ஏன்?"

"கபர் மேல துடைப்பம் போடுவியா நீ?"

ரிஸ்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கபரைச் சுற்றி நடந்தாள்.

அந்த இருபது அடியில் எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. நாலு சக்கர வண்டி. முன் இடது சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை அதே இடத்தில் மொட்டை. ஓட்டுகிறவன் பக்கம் கதவு திறந்து இறங்கியிருக்கிறான். கபர் வரைக்கும் பூட்ஸ் தடம். அங்கே இரண்டு முழங்கால் குழி. மண்டியிட்டு, கையேந்தி, துஆ கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து திருட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறான்.

"கம்பெனிக்காரங்க இல்ல" என்றாள் ரிஸ்தி. "அவங்களுக்கு இது கபர்னே தெரியாது. கல்லுன்னு நினைச்சு மேல ஏறி ஒண்ணுக்குப் போயிருப்பாங்க. நம்மாளு."

"அபில்காஸ்கிட்ட என்ன வண்டி இருக்கு?"

"மோட்டார் சைக்கிள். அதுவும் தள்ளினாத்தான் வரும்."

"தண்ணி லாரிக்காரன்? குழாய் வந்தா அவன் பொழப்பு போகும்."

"லாரிக்குப் பின்னால ரெட்டைச் சக்கரம். இது ஒத்தை."

"ஊர்த்தலைவர்?"

"அவரா?" ரிஸ்தி சிரித்தாள். "கபர் வந்தா கண்ணாடியை இறக்கி முகத்தைத் தடவிட்டு மறுபடி ஏத்திக்கிற ஆளு. முழங்கால் மண்ணுல படணும்னா கம்பளம் கேப்பாரு."

மிச்சம் ஒரே ஒரு ஜீப்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு முடிச்சு இருந்தது. காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவன் தன் காட்டுக்குத் தானே யந்திரத்தை ஏன் வரவழைப்பான்?

"உள்ள போவோம்" என்றேன். "நூத்தி இருபத்தொம்பது மரம் விழுந்த இடத்தைப் பார்க்கணும்."

விழுந்த இடம் இருந்தது. குழிகள், அடிமரம் முறிந்த பொக்கைகள், வரிசை வரிசையாக. மரம்தான் இல்லை. ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பத்தாவது குழியில் ரிஸ்தி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மணல்புல் முளைத்து, தழைத்து, பூவும் விட்டிருந்தது.

"அண்ணே, மூணு நாள் முன்னாடி தோண்டின குழிதானே இது?"

"காகிதத்துல."

"மூணு நாள்ல புல்லு பூத்துருச்சு. எங்க ஊரு புல்லுக்கும் இந்தச் சுறுசுறுப்பு வரணும்."

அந்தக் குழிகளில் சில போன வருஷத்தது. சில அதற்கும் முந்தினது. எனக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வருஷக்கணக்கில் ஒருவன் காட்டை உள்ளேயிருந்து தின்றிருக்கிறான். நகரத்துக் கபாப் கடைகளில் சக்சவுல் தணலுக்கு என்ன கிராக்கி என்று எல்லோருக்கும் தெரியும். குழாய் வந்ததால் காட்டை அளக்க ஆள் வரப்போகிறார்கள், ஓட்டை தெரிந்துவிடும். அதற்கு முன்னால் யந்திரம் ஒரு தடவை உள்ளே வந்து பதினொரு மரத்தைப் பிடுங்கினால் போதும். மீதியையும் யந்திரத்தின் கணக்கில் எழுதிவிடலாம்.

புல்லை வேரோடு பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பையில் ஏற்கெனவே உலர்ந்த தயிர்க்கட்டி நாலைந்து கிடந்தது. அதற்குத் துணையாக இருக்கட்டும்.

விருந்து ஊர் எல்லையில். வெள்ளைத் துணிக் கூடாரம், நீள மேஜை, குழுவிலிருந்து நாலு பேர். குழுத் தலைவர் வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார், மணல் பட்டுவிடாதபடி காலை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்திருந்தார். சாகென், ஊர்த்தலைவர், ஊர்ப் பெரிய மனிதர்கள். ஒரு கோடியில் அபில்காஸ், தண்டனை கேட்க வந்தவன் மாதிரி. பின்னால் பால்ஜான்.

நான் முதலில் போனது மேஜைக்கு இல்லை, ஜீப்புக்கு. முன் இடது சக்கரம். ஒரு பல் இல்லை.

அடுத்தது கபாப் சுடுகிற இடம். ஆட்டிறைச்சி சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கத்தில் விறகு. ஒன்றை எடுத்தேன். கல் மாதிரி கனம். சக்சவுல்.

காட்டுக்காக அழ வந்தவர்கள் காட்டைப் பற்றவைத்துக் கறி தின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் வாயெல்லாம் நெய்.

"உட்காருங்க, பெரியவரே" என்றார். "அருமையான கபாப்."

"இது எந்த விறகுல வெந்தது தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. தோஸ்முகான் சிரித்துக்கொண்டே எழுந்தான். "யந்திரம் பிடுங்கின மரம்தாங்க. வீணாப் போகுதேன்னு ரெண்டு கட்டை எடுத்து வந்தோம்."

"செவ்வாய்க்கிழமை விழுந்த மரமா?"

"ஆமாங்க."

"பச்சை மரம் புகையும்" என்றேன். "உன் அடுப்புல ஒரு இழை புகை இருக்கா? இது காய்ஞ்சு வருஷமாச்சு."

ரிஸ்தி அடுப்புக்கு மேலே முகத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணே கரிக்கல" என்றாள். "ஆனா யாருக்கோ கரிக்கப்போகுது."

புல்லை எடுத்துத் தலைவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குழியைச் சொன்னேன். பதினொன்றையும் நூற்று நாற்பதையும் சொன்னேன். துடைப்பத்தைச் சொன்னேன், துடைக்காமல் விட்ட இருபது அடியைச் சொன்னேன், சக்கரத்தைச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்போது இறைச்சி ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. திருப்பிப் போட யாரும் போகவில்லை.

தோஸ்முகான் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்த மாதிரி.

"தப்பிக்கணும்னா தப்பிச்சுக்கோ" என்றேன். "பழியை அபில்காஸ் தலையில எதுக்குப் போட்டே? ஊர்ல வேற ஆளா இல்ல?"

அவனை முந்திக்கொண்டு பேசியது ரிஸ்தி.

"பவுர்சாக்!" என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "பால்ஜான் அக்கா வீட்டுச் சுவர்ல இருக்கே கல்யாணப் படம், மாப்பிள்ளைக்குப் பக்கத்துல சரிகை அங்கி போட்டுட்டு நிக்கிறாரே ஒருத்தரு... அது இவருதான். ரெண்டு பேரும் சம்பந்திங்க, அண்ணே."

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவனைத் திட்டலாம், அடிக்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். சம்பந்தியைச் சபையில் தலைகுனிய வைத்தவன் வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். கொடுத்த பெண்ணுக்கும் அந்த வீட்டில் சோறு இறங்காது.

அபில்காஸைப் பார்த்தேன். "உனக்குத் தெரியும்."

"செவ்வாய்க்கிழமை விடியக்காலை ஒட்டகத்தை அவுத்துவிடப் போனேன்" என்றான் தரையைப் பார்த்து. "அவரு முளை நட்டுட்டிருந்தாரு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எம் பொண்ணு அங்கதானே இருக்கா!" கத்தினான். "நிலம் போனா போகட்டும்னு இருந்தேன். நான் கேட்டேனா உங்களை? வந்து பாருங்கன்னு நான் கேட்டேனா?"

"நான் கேட்டேன்" என்றாள் பால்ஜான் பின்னாலிருந்து, மெதுவாக.

அபில்காஸ் வாய் திறக்கமாட்டான் என்று தெரிந்துதான் தோஸ்முகான் அவனைப் பொறுக்கியெடுத்திருக்கிறான். ஊரிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்க முடியாத ஒரே ஆளைப் பார்த்துப் பழியைப் போட்டிருக்கிறான். குதிரைத் திருடர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இவனை விட யோக்கியர்கள்.

"அந்தக் கபர்ல உட்கார்ந்து என்ன கேட்டே?" என்றேன் தோஸ்முகானிடம்.

சிரிப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "பேரப்பிள்ளை நல்லபடியாப் பொறக்கணும்னு."

நான் தரையில் துப்பினேன். மேஜை விரிப்பில் தெறித்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி நியாயம் நடக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு விசாரணைக் குழுக்களைப் பழக்கமில்லை. தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இதை எப்படி எழுதுறது?" என்று கேட்டார். காட்டதிகாரி என்று எழுதினால் பத்து வருஷமாக அவனை மேற்பார்வை பார்த்த தலைநகரத்து ஆட்கள் எல்லோரும் பதில் சொல்லவேண்டும். கம்பெனி என்று எழுதினால் குழாய் நிற்கும். அபில்காஸ் என்று எழுத இனி முடியாது.

ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்தார். "காத்துன்னு எழுதிடலாங்க. பலமா அடிச்சுது, முளை இடம் மாறிடுச்சு. யாருக்கும் பாதகமில்ல."

"ஐம்பது மீட்டருக்கு ஒண்ணா அளந்து நட்டுட்டுப் போச்சா?" என்றாள் ரிஸ்தி. "இன்ஜினீயரிங் படிச்ச காத்து போல."

குழுத் தலைவர் காற்று என்றே எழுதத் தொடங்கிவிட்டார். குழாய் பழையபடி வளைந்து போகும். மரத்துக்கு மரம் கம்பெனி கன்று நடும். நூற்று நாற்பது என்பதைப் பதினொன்று என்று திருத்தினார். மற்றவை 'இயற்கையாகக் காய்ந்தவை'. சாகென் அதற்கும் தலையாட்டினான். அபில்காஸின் நிலம் அவனுக்கே. பால்ஜான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர்க்காரர்கள் அபில்காஸின் முதுகைத் தட்டினார்கள். செவ்வாய்க்கிழமை அவனைக் கைகாட்டிய அதே கைகள். தோஸ்முகான் எழுந்து வந்து சம்பந்தியைக் கட்டிப்பிடித்தான். அபில்காஸ் மரக்கட்டை மாதிரி நின்றான், பிறகு அவனும் ஒரு கையை எடுத்துத் தோஸ்முகானின் முதுகில் வைத்தான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டு யாரோ எனக்கு ஒரு தட்டு நீட்டினார்கள். வாங்கவில்லை. பையிலிருந்து தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ரிஸ்தி வேனை என் பக்கத்திலேயே ஊர்ந்துவரும்படி ஓட்டினாள்.

"ஏறுங்கண்ணே."

"நடக்குறேன்."

"நல்லபடியாத்தானே முடிஞ்சுது? அவங்க நிலம் நின்னுது. ஊருக்குத் தண்ணி வருது. அந்தப் பொண்ணு நிம்மதியாப் பெத்துக்குவா."

"தண்ணி வரட்டும். குடிச்சப்புறம் சொல்லு."

"உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?"

"முளையைத் திருப்பி நட்டுட்டாங்களா?"

"நாளைக்கு நடுறாங்களாம்."

"யாரு?"

ரிஸ்தி கியரை மாற்றினாள். மாற்றத் தேவையில்லாத இடம் அது. "தோஸ்முகான்தான். பழைய வழி சரியாத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தர்தானாம்."

நான் நிற்கவில்லை. தயிர்க்கட்டி கரையாமல் பல்லுக்கிடையில் உருண்டது. கபர்க் கம்பில் கட்டியிருந்த துணி தூரத்தில் தெரிந்தது. நாலு நாளாக எப்படித் தொங்கியதோ அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு நூல்கூட அசையாமல்.